லாந்தர் சிம்னியும் சந்தேகத்தின் பலனும்

படம் முடிந்து திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அக்கா மகள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மாமா, கடைசியில அவன் செஞ்சானா, இல்லையா?"

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏதாவது ஒரு படம் போடுவது அங்கே வழக்கம். அன்றைக்குப் போட்டது, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நிஜமாக நடந்த ஒரு மரண தண்டனை வழக்கை வைத்து எடுத்த படம். நான் வக்கீல் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலிடம் 11 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். கேஸ் கட்டு தூக்கித் தூக்கிக் கொஞ்சம் சட்டமும் ஒட்டிக்கொண்டது. அதனால் கோர்ட் பற்றி வீட்டில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் தலையில்தான் விடியும்.

அவள் கேட்டதைத்தான் அந்தப் படம் பார்த்த எல்லோரும் கேட்பார்கள். ஆனால் கோர்ட் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. "அவன்தான் செய்தான் என்று அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டதா?" இதுதான் அங்கே கேட்கப்படும் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். முதல் கேள்விக்குத் "தெரியலை" என்று பதில் வந்தால் நமக்குத் தூக்கம் வராது. இரண்டாவது கேள்விக்கு அதே பதில் வந்தால் ஆள் வீட்டுக்குப் போய்விடுவான். பேப்பரில் "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை" என்று போடுகிறார்களே, அது இதுதான். ஏதோ நீதிபதி மனமிரங்கிப் போட்ட பிச்சை மாதிரி அந்த வரி ஒலிக்கும். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசின் கடமை. நிரூபிக்காவிட்டால் விடுதலை கேட்பது கூண்டில் நிற்பவனின் உரிமை. இதில் மனமிரங்க ஒன்றுமில்லை.

சரி, அந்த டெக்சாஸ் வழக்குக்கு வருவோம். ஏனென்றால் ஒரு தீர்ப்பு எப்படித் தப்பாகப் போகலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

1991 டிசம்பர் 23. கோர்சிகானா என்ற சின்ன ஊர். கேமரன் டாட் வில்லிங்ஹாம் என்ற 23 வயது இளைஞனின் வீட்டில் தீப்பிடிக்கிறது. மனைவி வெளியே போயிருக்கிறாள். உள்ளே இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, ஒரு வயதில் இரட்டைப் பெண் குழந்தைகள். மூன்றுமே இறந்துபோகின்றன. அவன் மட்டும் வெளியே வந்துவிட்டான். வீடு எரிந்துகொண்டிருக்கும்போது வாசலில் நின்ற காரைத் தள்ளி நிறுத்தினான் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அதுவே அவனுக்கு எதிராகப் போயிற்று. பிள்ளை எரியும்போது காரைப் பார்க்கிறவன் தகப்பனா என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

தீ விசாரணை அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். தண்ணீர் தேங்கிய குட்டை மாதிரி தரையில் அங்கங்கே கருகிய அடையாளம் இருந்தது. எரியும் திரவம் ஊற்றப்பட்டிருக்கிறது என்றார்கள். ஜன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல்கள் இருந்தன. பெட்ரோல் மாதிரி ஏதாவது ஊற்றிக் கொளுத்தினால் சூடு சட்டென்று ஏறும், அந்தச் சூட்டில்தான் கண்ணாடி இப்படி விரிசல் விடும் என்றார்கள். அந்தக் காலத்துத் தீ விசாரணைக்காரர்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

இந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்தவில்லை. அக்காவின் மாமியார் நிறுத்த வைத்தார். ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே சொன்னார்: "தண்ணி பட்டிருக்கும் தம்பி."

அவர் சொந்த ஊர் கடலூர் பக்கம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது அங்கேதான் இருந்தார். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த புயல் அது. எங்கள் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. பரண் மேல் கிடந்த லாந்தர் விளக்கு கீழே இறங்கிற்று. ஓட்டு இடுக்கில் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு சொட்டு, எரிந்துகொண்டிருந்த லாந்தரின் சிம்னி மேல் விழுந்தது. சடக்கென்று ஒரு சத்தம். கண்ணாடி உடைந்து விழவில்லை. முழுக்க நரம்பு நரம்பாக விரிசல் ஓடிவிட்டது. லாந்தர் வெளிச்சத்தில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். சிம்னி சூட்டில் சும்மா இருக்கும், சூடாக இருக்கையில் தண்ணீர் பட்டால்தான் போகும்.

விஞ்ஞானிகள் பிறகு சோதனை செய்து கண்டதும் அதையேதான். அந்த மாதிரி விரிசல், சூடான கண்ணாடி திடீரென்று குளிர்வதால் வருவது. எரிகிற வீட்டில் தீயணைப்புக்காரர்கள் தண்ணீர் அடிக்காமல் வேறென்ன செய்வார்கள்?

தரையில் இருந்த கருகல் விஷயமும் இதே கதிதான். ஒரு அறைக்குள் தீ எரியும்போது சூடான புகை மேலே திரண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அறையிலுள்ள எல்லாமும் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றினால், ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமலே தரையில் திரவம் ஊற்றியது போன்ற தடம் விழும். அதே 1991-ஆம் ஆண்டு, புளோரிடா மாநிலத்தில் வேறொரு தீ வழக்கில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். காலியாக இருந்த ஒரு வீட்டில் சோபா போட்டு, திரவம் எதுவும் ஊற்றாமல் கொளுத்தினார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுக்கப் பற்றிக்கொண்டது. ஊற்றிக் கொளுத்தியது மாதிரியே தடமும் விழுந்தது. அந்த வழக்கை அரசுத் தரப்பே கைவிட்டது. கோர்சிகானாவுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

வில்லிங்ஹாம் வழக்கில் இன்னும் சில சாட்சியங்கள் இருந்தன. ஜெயிலில் கூட இருந்த ஒரு கைதி, "என்னிடம் ஒப்புக்கொண்டான்" என்றார். பிற்பாடு அதிலிருந்து பின்வாங்கினார். வில்லிங்ஹாமை ஒரு முறைகூடச் சோதித்துப் பார்க்காத மனநல மருத்துவர், இவன் திருந்தாத ஆசாமி என்று சாட்சி சொன்னார். வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த மண்டை ஓட்டுப் படம் போட்ட ராக் இசைக்குழு போஸ்டர்கூடக் கோர்ட்டில் பேசப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுள் தண்டனையோடு போய்விடும் என்று சொல்லிப் பார்த்தார்கள், அவன் மறுத்துவிட்டான். 1992-ல் ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த ஆட்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குற்றவாளி என்றார்கள். 12 வருடம் மரண தண்டனைக் கைதிகள் பிரிவில் இருந்தான். ஜெரால்டு ஹர்ஸ்ட் என்ற விஞ்ஞானி, தீ வைத்ததற்கு அறிவியல் ஆதாரம் ஒன்றுமே இல்லை என்று எழுதிய அறிக்கை, தண்டனை நாளுக்குச் சில நாள் முன்பு மன்னிப்பு வாரியத்துக்கும் ஆளுநர் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. 2004 பிப்ரவரி 17-ல் விஷ ஊசி போட்டுவிட்டார்கள். 2009-ல் மாநில தடய அறிவியல் ஆணையமே நியமித்த நிபுணரும் ஹர்ஸ்ட் சொன்னதையேதான் சொன்னார்.

இதில் என்னை அதிகம் படுத்துவது ஒன்று உண்டு. அந்தத் தீ விசாரணை அதிகாரிகள் பொய் சொல்லவில்லை. கற்றுக்கொண்டதை நம்பினார்கள், நம்பியதைக் கூண்டில் ஏறிச் சொன்னார்கள். பொய்ச் சாட்சி என்றால் குறுக்கு விசாரணையில் நல்ல வக்கீல் ஒருவர் சட்டையைப் பிடித்து உலுக்கிவிடுவார். நம்பிக்கையோடு தப்பாகச் சொல்கிற நிபுணரை அப்படி உலுக்க முடியாது. அவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார், கோர்ட்டில் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ஜூரி பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இங்கிலீஷ் படம் பார்க்கிறவர்கள் எல்லோரும் குழம்புகிற இடம் அது. நம் நாட்டில் ஜூரி கிடையாது. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அந்த முறை போய்விட்டது. இங்கே குற்றவாளியா என்று முடிவு செய்வதும் நீதிபதி, தண்டனையை முடிவு செய்வதும் அவர்தான். தீர்ப்பில் காரணங்களை எழுதியாக வேண்டும். ஜூரி காரணம் சொல்லத் தேவையில்லை.

"அப்ப கொஞ்சம் டவுட் இருந்தாலே விட்டுடணுமா மாமா? எதுலதான் டவுட் இல்ல?" என்றாள். சரியான இடத்தில் பிடித்தாள். சட்டம் சொல்வது நியாயமான சந்தேகம். எங்கிருந்தோ முளைத்து வருகிற சந்தேகம் கணக்கில் வராது. நியாயம் எது, அபத்தம் எது என்று சொல்ல, அன்று மத்தியானம் நடந்த விஷயமே கைக்கு வாகாக இருந்தது.

அக்கா வறுத்து வைத்த வஞ்சிரம் ஏழு துண்டு. சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் ஐந்து. அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை மதில் மேல் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லோரும் பூனையைத்தான் திட்டினோம். நேரில் பார்த்த சாட்சி இல்லாமல் இப்படிச் சுற்றி இருப்பதை வைத்து முடிவுக்கு வருவதுதான் சூழ்நிலைச் சாட்சியம். பூனைக்கு மீன் பிடிக்கும், அது நோக்கம். ஜன்னல் திறந்திருந்தது, அது வாய்ப்பு. மீசையைத் துடைத்தது, அது சம்பவத்துக்குப் பிந்தைய நடத்தை. வில்லிங்ஹாம் காரைத் தள்ளி நிறுத்தியது மாதிரி.

இப்போது அக்கா மகளை எதிர்த்தரப்பு வக்கீல் ஆக்கினேன். பூனை எந்நேரமும் மீசையைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கும் என்றாள். ஜன்னல் கட்டையில் எண்ணெய்த் தடம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. தண்ணீர் குடிக்கிறேன் என்று அடுப்படிக்குள் போன அப்பாவை யாரும் ஏன் விசாரிக்கவில்லை என்றாள். அவள் அப்பா எழுந்து மாடிக்குப் போய்விட்டார். ஏதோ காக்கா கூட்டிலிருந்து வந்த மாயக்கை எடுத்திருக்கலாம் என்று அவள் சொல்லியிருந்தால் அது அபத்தமான சந்தேகம். அடுப்படிக்குள் போன இன்னொரு ஆள் இருக்கிறார் என்பது நியாயமான சந்தேகம். கடைசியில் பாட்டிதான் இரண்டு துண்டை டப்பாவில் போட்டு எதிர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் பட்டியலிலேயே இல்லாத ஆள்.

சூழ்நிலைச் சாட்சியத்தை எப்படி எடை போட வேண்டும் என்று 1984-ல் மகாராஷ்டிராவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து விதி சொன்னது. பஞ்சசீலம் என்று நீதிபதிகளே அதற்குப் பெயரும் வைத்தார்கள். சுருக்கமாகச் சொன்னால் இதுதான். ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியாக நிரூபணமாக வேண்டும். "இருக்கலாம்" போதாது, "இருந்தே தீரும்" என்ற அளவுக்கு இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து சங்கிலி போல அறுபடாமல் கோத்து நிற்க வேண்டும். அந்தச் சங்கிலி குற்றம் சாட்டப்பட்டவனை மட்டுமே காட்ட வேண்டும், அவன் குற்றவாளி இல்லை என்று வேறு விதமாகப் பொருள் கொள்ள இடமே இருக்கக் கூடாது. அந்த வழக்கில் கூண்டில் நின்றவருக்குக் கீழ்க் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் மரண தண்டனை கொடுத்திருந்தன. உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

"ஆனா பேப்பர்ல போட்டிருப்பாங்களே, குற்றத்தை ஒப்புக்கொண்டார்னு" என்றாள் அக்கா. கோர்ட் வாசலில் நான் அதிகம் கேட்ட கேள்வி இது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சட்டப்படி சாட்சியமே ஆகாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் வந்து பிரிவு எண்கள் மாறியபோதும் இது மாறவில்லை. ஏன் என்பதை லாக்கப் பக்கம் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. அந்த வாக்குமூலத்தில் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அதைக் காட்டிக்கொடுத்த பகுதியை மட்டும் கோர்ட் ஏற்கலாம். அதனால்தான் நம் ஊர்க் கொலை வழக்குக் கட்டில் எதைப் பிரித்தாலும் ஒரு வி.ஏ.ஓ. வருவார். அவர் முன்னிலையில் வாக்குமூலம், அவர் முன்னிலையில் முள்வேலிப் புதருக்குள்ளிருந்து கத்தி எடுத்தது, பொருள் எடுத்ததை எழுதுகிற மகஜரில் அவர் கையெழுத்து. கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதும் அவரைத்தான்: "அந்தப் புதர் ரோட்டுக்கு எந்தப் பக்கம் சார்?"

தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இந்தத் தடுப்பை உடைத்துவிட்டது. அதன்படி எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் செல்லுபடியானது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு அந்தச் சட்டத்தின் கீழ்தான் நடந்தது. 1998 ஜனவரியில் தடா கோர்ட் 26 பேருக்கும் மரண தண்டனை கொடுத்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. மூன்று பேருக்கு ஆயுள், 19 பேர் வெளியே வந்தார்கள். தடாவின் பயங்கரவாதக் குற்றப் பிரிவுகள் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று சொன்ன நீதிபதிகள், தடாவின் கீழ் எடுத்த வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள்.

நால்வரில் ஒருவர் பேரறிவாளன். 1991-ல் கைதானபோது வயது 19. அவர் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்டது 9 வோல்ட் பேட்டரி இரண்டு. அது எதற்காக என்று தெரிந்து வாங்கினாரா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வுபெற்ற பிறகு 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார்: எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. ஒரு வரிதான் விட்டுப்போயிருக்கிறது. 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்குத் தேதியே குறித்தாகிவிட்டது. சென்னை ஹைகோர்ட் ஆகஸ்ட் 30-ல் தடை போட்டது. கருணை மனு மேல் முடிவெடுக்க 11 ஆண்டு தாமதித்தார்கள் என்று 2014 பிப்ரவரியில் ஆயுளாகக் குறைத்தார்கள். 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தில் விடுவித்தது. நினைவில் வையுங்கள், அது நிரபராதி என்ற தீர்ப்பு அல்ல. அவர் தாயார் அற்புதம்மாள் கோர்ட் கோர்ட்டாக நடந்ததை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை.

மரண தண்டனை என்றாலே எல்லோர் வாயிலும் வருகிற சொல், அரிதினும் அரிதான வழக்கு. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த சொல். கொடூரமான கொலை என்றால் அரிதினும் அரிது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தீர்ப்பு சொன்னது அது மட்டுமில்லை. ஆயுள் தண்டனைதான் வழக்கம், தூக்கு விலக்கு. குற்றத்தைப் பார்க்கிற அளவுக்குக் குற்றவாளியையும் பார்க்க வேண்டும், வயது, பின்னணி, திருந்த வாய்ப்பு உண்டா என்று எல்லாம். வேறு எந்தத் தண்டனைக்கும் வழியே இல்லை என்று கதவு முழுக்க அடைபட்டால்தான் தூக்கு. இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டதும் உண்டு. ஒரு பழைய தீர்ப்பில் ஆளைப் பார்க்காமல் குற்றத்தை மட்டுமே பார்த்துத் தூக்கு விதித்தது பிழை என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்த ராஜஸ்தான்காரரை 1996-லேயே தூக்கில் போட்டாகிவிட்டது.

குற்றவாளி என்று சொல்லப் போதுமான ஆதாரம் இருந்தும் மனசில் ஒரு துளி உறுத்தல் மிஞ்சினால்? 2014-ல் திரிபுரா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதற்கு எச்ச சந்தேகம் என்கிற பொருளில் ஒரு பெயர் கொடுத்தது. விடுதலைக்கு அது போதாது, தூக்கைக் குறைக்கப் போதும்.

இனி, தூக்கு விதித்த பிறகு என்ன நடக்கும் என்பது. செஷன்ஸ் கோர்ட் விதித்தால் அதோடு முடியாது. ஆள் அப்பீல் போகாவிட்டாலும் ஹைகோர்ட்டில் குறைந்தது இரண்டு நீதிபதிகள் உறுதி செய்தாக வேண்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே ஹைகோர்ட்தான், சென்னை. அப்புறம் உச்ச நீதிமன்றம், அங்கே மூன்று நீதிபதிகள். மறு ஆய்வு மனுவை 2014 முதல் திறந்த கோர்ட்டில் வாதம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு மேல், உச்ச நீதிமன்றத்திலேயே கடைசியாகப் போடுகிற கியூரேட்டிவ் மனு. எல்லாம் போனால் கருணை மனு. அதுவும் தள்ளுபடி ஆனால் தூக்குக்கு முன் 14 நாள் இடைவெளி தர வேண்டும்.

கருணை மனுவில்தான் நம் ஊருக்கென்று ஒரு வேடிக்கை. கடலூரில் தண்டனை என்றால் முதலில் ஆளுநர், அப்புறம் ஜனாதிபதி, இரண்டு கதவு. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் துணைநிலை ஆளுநருக்கு அந்த அதிகாரம் கிடையாது, மனு நேரே ஜனாதிபதிக்குத்தான். முள்ளோடை எல்லைக்கு அந்தப் பக்கம் சரக்கு விலை குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். கருணைக் கதவும் ஒன்று குறைவு என்பது பலருக்குத் தெரியாது. (பிரெஞ்சுச் சட்டம் ஆண்ட ஊர் புதுச்சேரி. அந்த பிரான்ஸ் 1981-லேயே மரண தண்டனையை ஒழித்துவிட்டது.)

"இவ்வளவு படி இருக்கே, அப்ப தப்பு நடக்காதுல்ல?" என்றார் மாடியிலிருந்து இறங்கி வந்த அக்கா வீட்டுக்காரர்.

மகாராஷ்டிரா மாநிலம் நாசிக் பக்கம் 2003-ல் ஒரு குடும்பமே தாக்கப்பட்டது. ஆறு பேருக்குக் கீழ்க் கோர்ட் தூக்கு விதித்தது. ஹைகோர்ட் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. எல்லாப் படியும் ஏறியாயிற்று. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் அந்த ஆறு பேரையும் விடுதலை செய்தது. உயிர் பிழைத்த சாட்சி, போலீஸ் காட்டிய போட்டோக்களில் வேறு நான்கு பேரை முதலிலேயே அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரை யாரும் விசாரிக்கவே இல்லை. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். மேலே ஏறுகிற ஒவ்வொரு கோர்ட்டும் கீழே கட்டிய கட்டைத்தான் பிரித்துப் படிக்கிறது. கட்டில் வைக்காத காகிதத்தை எந்த நீதிபதியும் படிக்க முடியாது. குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்.

அவ்வளவு தூரம் போவானேன். நம் கடலூர் மாவட்டத்திலேயே, விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் கண்ணகி, முருகேசன் என்ற காதல் தம்பதிக்கு விஷம் கொடுத்து எரித்தார்கள். முருகேசன் தலித் இளைஞர். உள்ளூர் போலீஸ் முதலில் போட்ட வழக்கில், இரண்டு பக்கமும் அவரவர் பிள்ளையைக் கொன்றுவிட்டது மாதிரி கதை கட்டி, முருகேசனின் அப்பாவையே குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தார்கள். சி.பி.ஐ. கைக்குப் போய், 18 ஆண்டு கழித்து 2021 செப்டம்பரில் கடலூர் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, போலீஸ் அதிகாரிகள் உட்பட 12 பேருக்கு ஆயுள். மறு ஆண்டு ஹைகோர்ட் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. முதலில் எழுதிய கதையே கடைசிவரை நின்றிருந்தால், பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் கொலைகாரனாகக் கூண்டில் நின்றிருப்பார்.

பாட்டி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "அந்தக் காலத்துக் கண்ணகி கதையும் இதானே" என்றார்.

அதுவும் நிபுணர் சாட்சி வழக்குத்தான் என்றேன். சிலப்பதிகாரத்தில் பலரும் மறந்துவிடுகிற ஒரு காட்சி இருக்கிறது. கோவலனைக் கொல்ல வந்த காவலர்கள் அவனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் லட்சணத்தைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். அரச கொல்லன் விடவில்லை. கள்வர்கள் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டு வழியில் திருடுவார்கள் என்று பெரிய சொற்பொழிவே நடத்துகிறான். துறை தெரிந்தவன் பேசுகிறான் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அந்தச் சிலம்பைத் திருடியவனே அவன்தான் என்பது வேறு விஷயம். டெக்சாஸில் ஒரு முறைகூடப் பார்க்காத ஆளைப் பற்றிச் சாட்சி சொன்ன மருத்துவர் பேசியதும் ஏறக்குறைய அந்த எட்டு வழிதான். சிலம்பை உடைத்துப் பார்த்தால் உள்ளே முத்தா மாணிக்கமா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். உடைத்தார்கள், கோவலன் செத்த பிறகு.

இருட்ட ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டேன். மறுநாள் வேலை இருந்தது. கடலூர் பஸ் அரியாங்குப்பம் தாண்டும்போது அக்கா மகளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "மாமா, அந்த விஞ்ஞானி அறிக்கை கவர்னர் ஆபீசுக்குப் போச்சுன்னு சொன்னீங்கல்ல. அவர் அதைப் படிச்சாரா, இல்லையா?"

முள்ளோடையில் பஸ் நின்றிருந்தபோது பதில் தட்டினேன். "படிச்சாருன்னு நிரூபணம் ஆகலை."